எஞ்சின் நின்ற பிறகு

கரையில் கட்டிப் போட்ட படகில் உட்கார்ந்திருக்கும் ஆள் வேலையில் இருக்கிறாரா, இல்லையா?

அரசுப் படகுத்துறை ஒன்றில் நேரம் குறிக்கும் எழுத்தராக இருந்தபோது, இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை பதில் எழுதினேன். மையால் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டேன். இன்று கேட்டால் அதே பதிலைச் சொல்வேனா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்கால அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. பல் முளைக்கும் பருவத்தில் ஒரு பெண் குழந்தை. என்றாலும் என் உத்தியோகம் முடிந்துவிட்டது. இனி அது திரும்பாது என்பதால் நானும் ஒருவகையில் ஓய்வு பெற்றவள்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். துறையின் பெயர் வேண்டாம். அங்கே தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, குமுளியிலிருந்து மலையிறங்கும் பேருந்தில் கம்பம் போய் தட்டச்சு கற்றேன். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது. தற்காலிக வேலை, தினக்கூலி. சில மாதங்களுக்கு ஒருமுறை ‘பிரேக்’ என்று சொல்லிச் சில நாட்கள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்ததாகக் காட்டி யாரும் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. படகுக்காரர்களுக்கும் அப்படித்தான். அந்த விஷயத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே படகில் இருந்தோம்.

குமுளியிலிருந்து காட்டு வழியாக இறங்கினால் ஏரி. தண்ணீருக்குள் பழைய காட்டின் மொட்டை மரங்கள் நிற்கும். ஏரியின் அடுத்த முனையில் அணை, அதன் பக்கத்தில் துறையின் முகாம். பொறியாளர்கள், வேலையாட்கள், அரிசி, மண்ணெண்ணெய், தபால் எல்லாம் படகில்தான் போகவேண்டும். மூன்று படகுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். சுக்கான் பிடிப்பவர் சிராங்கு, எஞ்சினைப் பார்ப்பவர் டிரைவர், கயிறும் கழியும் பார்ப்பவர் லாஸ்கர். தகரக் கூரை போட்ட எங்கள் அலுவலகம் படகுத்துறைக்கு நேர் மேலே இருந்தது. என் ஜன்னலிலிருந்து மூன்று படகுகளும் தெரியும்.

என் வேலை எளிமையானது. எஞ்சின் உயிர் பெறும் சத்தம் கேட்டதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிப்பேன். அடுத்த முனையில் எஞ்சின் நின்ற நேரத்தை டிரைவர் எழுதிக்கொண்டு வருவார். திரும்பும்போதும் அதேபோல. அன்றன்றைக்கு எஞ்சின் ஓடிய நேரத்தைக் கூட்டுவேன். அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டால் மூவருக்கும் முழுநாள், தொடாவிட்டால் அரைநாள். காலையில் அதிகாரிகளை முகாமில் இறக்கிவிட்டு, அவர்கள் மாலையில் திரும்பும்வரை படகிலேயே கிடந்தாலும், எஞ்சின் ஓடியது போக ஒருமுறை, வர ஒருமுறைதான் என்பதால் பெரும்பாலும் அது அரைநாளாகவே முடியும்.

முதல் மாதம் அந்தக் கூட்டலைக் காட்டியபோது அந்தோணி சிராங்கு சிரித்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். எதற்காக மலையேறி வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

“சம்பளம் எஞ்சினுக்குத்தான் தாயி. நாங்க அதுக்குத் தொணைக்குப் போயிட்டு வாறோம்” என்றார்.

சரி, காத்திருக்கும் நேரத்தில் தூங்கத்தானே செய்வார்கள் என்று நானும் முதலில் நினைத்தேன். ஒருநாள் முகாமுக்குச் சில பத்திரங்கள் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்று முழுவதும் கட்டிக் கிடந்த படகில் இருந்து பார்த்தேன். சிராங்கும் டிரைவரும் முறை வைத்து முகாமுக்குப் போய் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். லாஸ்கர் மாரியப்பன் மட்டும் இறங்கவே இல்லை. காற்று திரும்பும்போதெல்லாம் படகின் பின்புறம் மொட்டை மரத்தை நோக்கிப் போகும். அவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுவார். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், மதகு திறந்தால் இறங்கும். அதற்குத் தகுந்தாற்போல் கயிற்றை விடவோ இழுக்கவோ வேண்டும். மீதி நேரம் கயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கரையில் யானைத் தடம் இருந்ததால் காலாற நடக்கவும் முடியாது. அன்றைக்கும் அவருக்கு அரைநாள்தான் எழுதினேன். எனக்கு முழுநாள். தட்டச்சு செய்ய ஒன்றும் இல்லாமல் மேசை முன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களுக்கும் எனக்கு முழுநாள்தான்.

எங்கள் மேலாளர் வர்கீஸ் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டயம் பக்கத்துக்காரர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வந்ததும் குடையை விரித்தபடியே மூலையில் வைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார். ஒரு ஏலக்காயை உரித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் கோப்பைத் தொடுவார். யார் என்ன கேட்டாலும் “நோக்காம்” என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். முடியாது என்று அவர் யாரிடமும் சொன்னதே கிடையாது. அதனால் அவரிடம் யாராலும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த முடிவையும் தன் கையால் எழுதமாட்டார். படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு இடம் இருந்தால், எதில் எழுதவேண்டுமோ அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்து என்னிடம் அனுப்புவார். நான் அங்கே மையால் எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவர் ரப்பரால் புள்ளியை அழித்துவிட்டு, தூளை ஊதி, மேலே அனுப்புவார். இரண்டு வருடம் நான் புள்ளி பார்த்தே எழுதினேன். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இதையும் மறைக்கக் கூடாது.

எமர்ஜென்சி வந்தது. சுவரில் நேரம் தவறாமை பற்றி அறிவிப்பு ஒட்டினார்கள். தொழிற்சங்கம் வாயை மூடிக்கொண்டது. அந்த வருட மழையில்தான் மாரியப்பனுக்கு அது நடந்தது.

நடந்ததைச் சிராங்கு சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையிலிருந்தே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. கயிறு கட்டிய மரத்தூண் பாதிக்குமேல் மூழ்கிவிட, முடிச்சை அவிழ்த்து மேலே கட்டவேண்டியிருந்தது. நனைந்த முடிச்சு ஊறி இறுகிப்போயிருந்தது. மாரியப்பன் படகு விளிம்பில் குப்புறக் கவிழ்ந்து இரண்டு கையாலும் அதை நெம்பிக்கொண்டிருந்தபோது காற்று திரும்பிப் படகைத் தூணோடு மோத வைத்துவிட்டது. வலது கை நடுவில் சிக்கிக்கொண்டது. எஞ்சின் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அதிகாரிகளுக்குக் காத்திராமல் படகைத் திருப்பினார்கள். மதியச் சாப்பாட்டை நான் முடித்த நேரம், வரக்கூடாத நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். கையைச் சிராங்கின் துண்டால் சுற்றியிருந்தார்கள். மாரியப்பனின் முகம் சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னதை நான் மறக்கவில்லை.

“அங்கன எஞ்சின் எடுத்த நேரத்த டிரைவர் அண்ணாச்சி எழுதல. நீங்க கேட்டுக் குறிச்சிக்கிடுங்க.”

முழுநாள் கிடைக்குமா என்று பார்த்திருக்கிறார். நான் குறித்துக்கொண்டேன். அன்றும் அரைநாள்தான் வந்தது.

ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கீழே கொண்டுபோனார்கள். மூன்று விரல்களை எடுக்கவேண்டி வந்தது. அடுத்த வாரம் விபத்துப் படிவம் என் மேசைக்கு வந்தது. பெயர், தகப்பன் பெயர், காயம், இடம் எல்லாம் நிரப்பினேன். ‘விபத்தின்போது பணியில் இருந்தாரா’ என்ற வரியில் என் பேனா நின்றது. பணியில் இருந்திருந்தால் நஷ்டஈடு. இல்லையென்றால் ஒன்றுமில்லை. நான் புள்ளியைத் தேடினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தும் தேடினேன். ‘ஆம்’ பக்கமும் இல்லை, ‘இல்லை’ பக்கமும் இல்லை.

எடுத்துக்கொண்டு வர்கீஸ் சாரிடம் போனேன். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. படிவத்தை அவர் முன் வைத்துவிட்டு நின்றேன். அவர் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

“மோளே, உனக்கு செரின்னு தோணுறது எழுதிக்கோ” என்றார். பிறகு இன்னொரு ஏலக்காயை உரித்தார்.

சிராங்கிடம் கேட்டேன். நடந்ததை எழுது என்றார் அவர். ஆனால் நடந்தது என்ன என்பதுதானே கேள்வி? நான் வைத்திருந்த கணக்குப்படி எஞ்சின் நின்றதும் அவர் வேலை நின்றுவிட்டது. இரண்டு வருடம் நானே அப்படிக் கூட்டியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததோ வேறு. அன்று மாலை பேருந்துக்குக் கிளம்புமுன் ‘ஆம்’ என்று எழுதினேன். வயிற்றில் பிள்ளை இல்லாமல் இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். வர்கீஸ் சார் வாங்கிப் படித்தார். அழிக்கப் புள்ளி இல்லாதபோதும் பழக்கத்தில் ரப்பரை எடுத்து, மறுபடி வைத்துவிட்டார்.

மாரியப்பனுக்கு நஷ்டஈடு வந்தது. தாமதமாக, குறைத்து வந்தாலும் வந்தது. அவர் மனைவி ஊரான மறையூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அங்கே கரும்பாலையில் கொப்பரைக்கு அடியில் தீ பார்க்கிறாராம். இடது கை போதும் என்று சொல்லிவிட்டார்களாம். பனையோலையில் கட்டிய ஒரு வெல்லப் பொதியைப் பேருந்து கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார்.

அந்த வெல்லம் தீர்வதற்குள் மேலிருந்து உத்தரவு வந்தது. காத்திருப்பதும் பணி என்று இப்போது பதிவாகிவிட்டதால், இனிப் படகுகள் முகாமில் காத்திருக்க வேண்டாம். ஆட்களை இறக்கிவிட்டு உடனே திரும்பி, மாலையில் மறுபடி போனால் போதும். சில வாரங்களில் டீசல் செலவு கூடிப்போயிற்று. அடுத்த உத்தரவு வந்தது. படகுகள் பழையபடி காத்திருக்கலாம். கயிறு பார்க்க முகாமில் ஒரு காவலாளி நியமிக்கப்படுவார், எனவே லாஸ்கர்கள் தேவையில்லை. லாஸ்கர்களுக்குப் ‘பிரேக்’ விட்டார்கள். மறுபடி எடுக்கவில்லை. அந்தக் காவலாளியும் இன்றுவரை வரவில்லை.

இரண்டாவது படகின் லாஸ்கர் தங்கராசு கடைசி நாளன்று என் மேசை முன்னால் வந்து நின்றார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மாரியப்பண்ணனுக்கு நல்லது செஞ்சீக அக்கா. எங்களுக்கு அரைநாக் கூலின்னாலும் வந்துக்கிட்டிருந்துச்சு. அதுக்கும் சேத்து முடிவு எழுதிட்டீகளே” என்றார். பிறகு, நான் நிற்கச் சிரமப்படுவதைப் பார்த்து, “உக்காருங்க, உக்காருங்க” என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் மாதத்தில் எனக்கும் ‘பிரேக்’ வந்தது. தற்காலிகப் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு கிடையாது. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டேன். வர்கீஸ் சார் குழந்தையின் பெயரைக் கேட்டார், ஜாதகம் எழுதியாயிற்றா என்று கேட்டார். “நோக்காம்” என்றார். என் நாற்காலியில் ராஜேஸ்வரி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாவம், அவள் எழுந்து நின்றுவிட்டாள். படிவத்தில் நான் எழுதிய அந்த ‘ஆம்’ என்ற ஒரு வார்த்தையினால்தான் என்னை எடுக்கவில்லையா, அல்லது எல்லாரையும் போலத்தான் நானுமா என்று இன்னும் தெரியாது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். என் கணவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். இங்கே குமுளியில் ஒரு ஏலக்காய் மண்டியில் வேலை. குழந்தை தூளியில் தூங்கினால்தான் தூங்குவாள். ஆட்டம் நின்றால் விழித்துக்கொள்வாள் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்ப்பார். “வேலைய விட்டுட்டுச் சும்மாதான இருக்க, ஒரு எட்டு நம்ம வீட்டுக்கு வாறது” என்பார்.

போன மாதம் ராஜேஸ்வரி என்னைத் தேடி வந்தாள். லாஸ்கர் இல்லாததால் முகாமில் கயிற்றையும் கழியையும் இப்போது அந்தோணி சிராங்கே பார்க்கிறார். அந்த வயதில் கழியை ஊன்றித் தள்ளும்போது கால் வழுக்கி, எஞ்சின் மூடிமேல் விழுந்துவிட்டார். முட்டி உடைந்துவிட்டது. எழுந்து நடக்க மாதங்கள் ஆகுமாம். படிவம் ராஜேஸ்வரி மேசையில் இருக்கிறது.

“சார் புள்ளி வெக்கல அக்கா” என்றாள். “என்ன எழுத?”

அவளுக்கும் அந்தப் புள்ளியைப் பற்றித் தெரிந்திருந்தது. அன்று நான் தேடியதுபோலவே அவளும் தேடியிருக்கிறாள். ஆம் என்று எழுது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் அவள் மீதியையும் சொன்னாள். தான் வீட்டுக் கிணற்றடியில் விழுந்ததாக எழுதச் சொல்லிச் சிராங்கே அவளிடம் ஆள் அனுப்பியிருக்கிறாராம்.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை மரச்சட்டத்தில் கட்டி நீட்டி வைத்திருந்தார். ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“இன்னொரு கேசு ஆச்சுன்னா மூணு படகையும் காண்டிராக்ட்டுக்கு வுட்டுருவாகளாம். பேச்சு நடக்கு. டிரைவரு யாரு, எம் மருமவன். மத்த நாலு பேரும் பிள்ளகுட்டிக்காரனுவ” என்றார். “வீட்டுல வுழுந்தா என்ன, படகுல வுழுந்தா என்ன? முட்டி ஒண்ணுதான தாயி.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “முட்டி ஒண்ணுதான். வைத்தியச் செலவ யாரு தருவா? கிணத்தடி தருமா? இவுக பாட்டுக்குப் படுத்துக்கிடுவாக. தூக்கி வுடறது யாரு?”

“நீதான்” என்றார் அவர்.

“ஆமா, நாந்தான். எனக்கு எந்த எஞ்சினும் நிக்கதில்ல.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்து அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆபீஸில் இருக்கும் அந்தப் பிள்ளையிடம் உள்ளதை எழுதச் சொல்லு, இவர் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடு என்றார்.

வீட்டில் சொன்னேன். “உனக்குத்தான் வேல போயாச்சே. இன்னும் எதுக்கு அந்தப் படகையே கட்டி அழுவற? கொழந்தையப் பாரு” என்றார் என் கணவர். அக்கறையில்தான் சொல்கிறார். மண்டிக்கு வரும் அதிகாரிகளும் இந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறார்கள். அவர் சொல்வதும் சரியோ என்று தோன்றுகிறது. ஆனால் ராஜேஸ்வரி யாரிடம் கேட்பாள்? அந்த நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான்.

வர்கீஸ் சார் இரண்டு முறையும் ஏன் புள்ளி வைக்கவில்லை என்று யோசிக்கிறேன். ஒரு நாள், அது அவர் செய்த நன்மை என்று படுகிறது. தானே வைத்தால் ‘இல்லை’ பக்கம்தான் வைத்தாக வேண்டும், அதனால் விட்டுவிட்டார். இன்னொரு நாள், தன் கை படாமல் தப்பித்துக்கொண்டார் என்று படுகிறது. அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். கேட்டாலும் நோக்காம் என்பார்.

ஓணம் விடுமுறை கழிந்து மேலதிகாரி பார்வையிட வருவார். அதுவரை படிவம் ராஜேஸ்வரியின் மேசையில்தான் இருக்கும். இதை அச்சுக்கு அனுப்புவதே ஒரு பதிலாகிவிடுமோ, பெயரை மாற்றினாலும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடாதா என்று இரண்டு முறை கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் படகிலோ கப்பலிலோ வேலை செய்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள். ராஜேஸ்வரியிடம் நான் என்ன சொல்லட்டும்? ‘ஆம்’ என்று எழுதச் சொன்னால் சிராங்கின் மனைவிக்கு வைத்தியச் செலவு கிடைக்கும். படகுகள் கையைவிட்டுப் போனால் தங்கராசைப் போல இன்னும் ஐந்து பேர் அவள் மேசை முன் வந்து நிற்பார்கள். கிணற்றடி என்று எழுதினால் எல்லாருக்கும் வேலை இருக்கும். கயிற்றைப் பார்க்கத்தான் அப்போதும் ஆள் இருக்காது. எதை எழுதினாலும் அவள்தான் கையெழுத்திட வேண்டும்.

குழந்தை தூங்குகிறாள். தூளிக் கயிற்றில் ஒரு கையை வைத்தபடிதான் இதை எழுதி முடிக்கிறேன். யோசித்தே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.